முதுகில் நீர்க்கட்டி, ரத்தத்தில் சோகை: ரெண்டுக்கும் முடிச்சு உண்டா?

பி.காம் படிக்கிறவனுக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே லெட்ஜரில் ரெண்டு பதிவு பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், அந்த ரெண்டுக்கும் நிஜமாகவே கொடுக்கல் வாங்கல் உண்டா, இல்லை தேதி மட்டும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பே :)

இந்தப் பதிவின் கேள்வியும் அந்த மாதிரிதான்.

எங்கள் பக்கத்தில், அதாவது ராயபுரத்தில் ஆரம்பித்து திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும், முதுகுவலி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காசிமேட்டில் மீன் கூடை சுமக்கிற அம்மாக்கள், ஹார்பரில் மூட்டை இறக்கிய தாத்தாக்கள், நாள் முழுக்க கன்டெய்னர் லாரியில் உட்கார்ந்தே இருக்கிற அண்ணன்கள் என்று வரிசையாகச் சொல்லலாம். எங்கள் தெருவில் ஒரு அக்கா முதுகுவலிக்கு ஸ்கேன் எடுத்தார். கீழ் முதுகில் ஒரு நீர்க்கட்டி இருப்பதாக ரிப்போர்ட். அதே வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு. தெரு உடனே தீர்ப்பு எழுதிவிட்டது: "அந்தக் கட்டிதான் ரத்தத்தைக் குடிக்குது. கட்டியை எடுக்காம மாத்திரை போட்டு என்ன புண்ணியம்?" அக்காவும் சத்து மாத்திரையை நிறுத்திவிட்டார்.

அந்தத் தீர்ப்பு சரியா? நான் டாக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வியின் இரண்டு பாதிக்கும் நல்ல வரலாறு இருக்கிறது. அதில் முக்கியமான சில பக்கங்கள் நம் சென்னையிலேயே எழுதப்பட்டவை. அதை வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதல் பாதி: இரும்பு

சோகைக்கு இரும்பு கொடுப்பது வெள்ளைக்காரன் சொல்லித்தந்த விஷயம் என்று நினைக்க வேண்டாம். நம் சித்த மருத்துவத்தில் சோகைக்குப் பாண்டு என்று பெயர். அதற்குத் தரும் மருந்துகளில் ஒன்று அன்னபேதிச் செந்தூரம். அன்னபேதி என்பது வேதியியல் பாடத்தில் வருகிற ஃபெரஸ் சல்ஃபேட்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற பல இரும்பு மாத்திரைகளிலும் இருப்பது அதே உப்பு.

ஐரோப்பாவில் கதை வேறு மாதிரி போனது. அங்கே இளம்பெண்களுக்கு முகம் வெளுத்து, மூச்சு வாங்கி, சோர்ந்து போகும் ஒரு நோய் இருந்தது. குளோரோசிஸ் என்று பெயர். 1554ல் யோஹானஸ் லாங்கே என்ற ஜெர்மன் வைத்தியர் இதைப் பற்றி எழுதி, கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று மருந்தும் சொன்னார். (நம்ம ஊர் பாட்டிகள் தோற்றார்கள்!) 1681ல் இங்கிலாந்தின் தாமஸ் சிடன்ஹாம் இரும்புத் தூளை ஒயினில் ஊறவைத்துக் கொடுத்தார். பெண்கள் தேறினார்கள். ஏன் தேறினார்கள் என்று அவருக்கும் தெரியாது. 1746ல் இத்தாலியின் வின்சென்சோ மெங்கினி ரத்தத்தை எரித்து, அந்தச் சாம்பலைக் காந்தத்தால் இழுத்துக் காட்டினார். ரத்தத்தில் இரும்பு இருப்பது அப்படிக் கண்ணுக்குத் தெரிந்தது. 1832ல் பிரான்ஸின் பியர் ப்ளோ இரும்பு மாத்திரையைப் பிரபலமாக்கினார்.

இவ்வளவும் நடந்த பிறகும், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்கூட, குளோரோசிஸுக்குக் காரணம் இறுக்கமான உள்ளாடை என்றும், மலச்சிக்கலால் ஏறும் விஷம் என்றும் பெரிய பெரிய டாக்டர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு மலச்சிக்கல் இருந்தது உண்மை. இறுக்கமாக உடுத்தினார்கள் என்பதும் உண்மை. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு கணக்கு. 1932ல் அமெரிக்காவில் ஹீத், ஸ்ட்ராஸ், காஸில் என்ற மூன்று பேர் சோகை நோயாளிகளுக்கு அளந்து அளந்து இரும்பை ஊசியில் செலுத்தினார்கள். உள்ளே போன இரும்பு எவ்வளவோ, ஏறக்குறைய அதே அளவுக்கு ஹீமோகுளோபினில் இரும்பு ஏறியது. வரவும் இருப்பும் டேலி ஆகிவிட்டது. இந்த வகைச் சோகையில் குறைந்திருப்பது இரும்புதான் என்று அதற்குப் பிறகு யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும். பெரியவர் ஒருவர் உடம்பில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு ரத்தச் சிவப்பணுக்களில். சாப்பாட்டிலிருந்து ஒரு நாளைக்கு நாம் உள்ளே இழுப்பது சுமார் 1 முதல் 2 மில்லிகிராம். ரத்தம் 1 மில்லி வெளியே போனால் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு போகிறது.

இரண்டாம் பாதி: கட்டி

கீழ் முதுகில் தண்டுவட நரம்பின் வேர்களை ஒட்டி வரும் நீர்க்கட்டிகளில் அடிக்கடி பேசப்படுவது டார்லோவ் சிஸ்ட். ஐசடோர் டார்லோவ் ஒரு அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர். கனடாவில் மான்ட்ரியல் நகரத்து நரம்பியல் நிறுவனத்தில் இருந்தபோது, இறந்தவர்களின் தண்டுவட முடிவை வேறு ஒரு காரணத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது தற்செயலாக இந்தக் கட்டிகள் கண்ணில் பட்டன. 1938ல் அதை எழுதினார். தேடிப்போய்க் கண்டுபிடித்தது இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கும் பெரும்பாலானவர்களுக்கு இது அப்படித்தான், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போது தெரியவருகிறது.

உள்ளே என்ன இருக்கிறது? மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடுகிற அதே தெளிந்த நீர். அந்த நீர் நரம்பின் உறைக்குள் தேங்கிப் பை மாதிரி வீங்கியிருக்கிறது. அது ரத்தம் குடிக்கிற கட்டி இல்லை. புற்றுக்கட்டி மாதிரி வளர்ச்சிக்கு ரத்தத்தைக் கேட்பதும் இல்லை. பெரிதானால் பக்கத்து நரம்பை அழுத்தி வலி, மரத்துப்போதல், சிறுநீர் கழிப்பதில் தொந்தரவு என்று வரலாம். அது உண்மைதான். ஆனால் உடம்பிலிருக்கும் இரும்பை எடுத்துச் செல்ல அதற்கு வழியே கிடையாது.

அப்படியானால் ரெண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வந்தது? இங்கேதான் எங்கள் புள்ளியியல் பேப்பர் கை கொடுக்கிறது. 1994ல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில் கீழ் முதுகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் 500 பார்த்தார்கள். 23 பேருக்கு இந்தக் கட்டி இருந்தது. அதாவது 4.6 சதவீதம். அந்த 23ல் கட்டியால்தான் தொந்தரவு என்று சொல்ல முடிந்தது 5 பேருக்கு மட்டும். இப்போது நம் பக்கம் வாருங்கள். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒரு பேச்சுக்கு அந்த 4.6 சதவீதத்தை இங்கேயும் வைத்துக்கொள்வோம். 1000 பெண்களுக்கு ஸ்கேன் எடுத்தால் 46 பேருக்குக் கட்டி. ரெண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றாலும்கூட, அந்த 46ல் 24 அல்லது 25 பேருக்குச் சோகையும் இருக்கும். பாதிப் பேருக்கு இருக்கிற ஒரு குறை, எதனோடு வேண்டுமானாலும் சேர்ந்து வரும். நாளைக்கு ராயபுரத்தில் சைக்கிள் ஓட்டும் பெண்களை எண்ணினாலும் பாதிப் பேருக்குச் சோகை இருக்கும். அதற்காக சைக்கிள்தான் ரத்தத்தைக் குடிக்கிறது என்போமா?

ஆனால் பொறுங்கள்

"அப்போ சம்பந்தமே இல்லை, விடு" என்று இங்கே பதிவை முடித்துவிடலாம். முடித்தால் தெரு செய்ததையே நானும் தலைகீழாகச் செய்ததாக ஆகும். ஏனென்றால் முதுகெலும்புக்கும் ரத்தத்துக்கும் நிஜமான உறவுகள் இருக்கின்றன. அவை வேறு வழியில் வருகின்றன.

ரத்தம் எங்கே உற்பத்தியாகிறது என்பது 1868 வரை யாருக்கும் தெரியாது. அந்த வருடம் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் நாய்மனும் இத்தாலியின் ஜூலியோ பிட்ஸோஸரோவும் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்தார்கள்: எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில். பெரியவர்களுக்கு இந்தத் தொழிற்சாலை முக்கியமாக இயங்கும் இடங்களில் ஒன்று முதுகெலும்பின் கட்டைகள். மற்றவை இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா. அதனால் எலும்புக்குள்ளேயே நோய் வந்தால் ரத்தம் குறையும்.

இதற்குப் பழைய சாட்சி ஒருவர் உண்டு. லண்டன் வியாபாரி தாமஸ் மெக்பீன். வயது 45. முதுகிலும் விலாவிலும் தாங்க முடியாத வலி, முகம் வெளுத்து, உடம்பில் தெம்பே இல்லை. டாக்டர் வில்லியம் மக்கின்டயர் அவருக்கு இரும்பும் குயினைனும் கொடுத்தார். கொஞ்ச நாள் தேறினார். 1845ல் அவருடைய சிறுநீரில் ஒரு விசித்திரமான புரதம் இருப்பதை ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் கண்டார். 1846ஆம் ஆண்டின் முதல் நாளிலேயே மெக்பீன் இறந்துபோனார். எலும்புகள் உள்ளே அரித்துப் போயிருந்தன. இன்று மல்டிபிள் மைலோமா என்று சொல்லும் மஜ்ஜைப் புற்றுநோய் அது. முதுகுவலி, சோகை ரெண்டுக்கும் ஒரே வேர். இரும்பு கொடுத்து ஆகவில்லை, ஏனென்றால் குறைந்தது இரும்பு இல்லை, தொழிற்சாலையே கெட்டுப்போயிருந்தது.

டார்லோவ் கட்டி இருப்பது நரம்பு உறையில், மஜ்ஜைக்கு வெளியே. ஆகவே அந்த வழக்கு இதற்குப் பொருந்தாது. ஆனால் ரிப்போர்ட்டில் "கட்டி" என்று ஒரே சொல்லில் நாம் சொல்லிவிடுவது எலும்புக்குள்ளா, வெளியேயா, நீரா, சீழா, சதையா என்பதில் எவ்வளவோ இருக்கிறது. சீழ் என்றதும் நாம் சென்னைக்கு வந்துவிடலாம்.

கேட்டைப் பூட்டிய ஹார்பர்

1779ல் பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய டாக்டர், முதுகு கூன் விழுந்து கால் செயலிழக்கும் ஒரு நோயைப் பற்றி எழுதினார். 1882ல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு இது முதுகெலும்பில் வரும் டி.பி. என்று தெளிவானது. இதில் எலும்பை ஒட்டிச் சீழ் தேங்கும். சூடும் சிவப்பும் இல்லாமல் அமைதியாக வீங்கி நிற்பதால் அதற்குக் குளிர்ந்த சீழ்க்கட்டி என்று பெயர். இந்த நோயாளிகள் பலருக்கும் சோகை இருக்கும். இங்கே கட்டிக்கும் இரும்புக்கும் நிஜமாகவே சம்பந்தம் உண்டு.

எப்படி? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் போனவர்களுக்கு எளிதாகப் புரியும். கடைக்குச் சரக்கு வராமல் போக ரெண்டு காரணம் இருக்கலாம். கப்பலே வரவில்லை. அல்லது கப்பல் வந்து, கன்டெய்னர் எல்லாம் யார்டில் அடுக்கி இருக்கிறது, கேட்டை மட்டும் திறக்கவில்லை. லாரிகள் மைல் கணக்கில் நிற்கின்றன. கடைக்காரருக்கு ரெண்டும் ஒன்றுதான், சரக்கு இல்லை.

சாப்பாட்டில் இரும்பு குறைந்தாலோ ரத்தம் போனாலோ அது முதல் வகை. நீண்ட நாள் தொற்று இருந்தால் ரெண்டாவது வகை. கிருமி வளரவும் இரும்பு வேண்டும். அதனால் உடம்பு தன்னிடம் உள்ள இரும்பை கிடங்கில் வைத்துப் பூட்டிவிடுகிறது. அந்தப் பூட்டின் பெயர் ஹெப்சிடின். ஈரலில் சுரக்கும் இந்தப் பொருளை 2000ஐ ஒட்டிய வருடங்களில்தான் கண்டுபிடித்தார்கள். ரத்தத்தில் ஓடும் இரும்பை மட்டும் அளந்தால் ரெண்டு வகையிலும் குறைவாகத்தான் காட்டும். கிடங்கு இருப்பைச் சொல்வது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை. கப்பல் வராத வகையில் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருக்கும். கேட் பூட்டிய வகையில் அது சரியாகவோ அதிகமாகவோ இருக்கும். கையிருப்புப் பணத்தை மட்டும் பார்த்து ஒருவரை ஏழை என்று சொல்லக்கூடாது, ஃபிக்சட் டெபாசிட்டையும் பார்க்க வேண்டும் என்பதுதான் இது.

இந்த நோய்க்கான சிகிச்சையை மாற்றியதில் நம் ஊருக்குப் பெரிய பங்கு உண்டு. 1956ல் மெட்ராஸில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கியது. மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்து நடத்தியது. இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல சாப்பாடு கொடுத்தால்தான் டி.பி. குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். நெரிசலான வீட்டில், போதாத சாப்பாட்டில் இருந்துகொண்டே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்ட ஏழை நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள் என்று 1959ல் இந்த மையம் காட்டியது. பிறகு 1970களில் முதுகெலும்பு டி.பி.க்கும் இதேபோல ஒரு ஒப்பீடு சென்னையில் நடந்தது. ஒரு காலத்தில் மாதக்கணக்கில் பிளாஸ்டர் கட்டிலில் அசையாமல் கிடக்க வேண்டிய நோய் அது. பெரிய ஆபரேஷன் செய்தவர்களையும், நடமாடிக்கொண்டே மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். மாத்திரையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமானார்கள். நரம்பு பலமாக அழுத்தப்படும்போது, கூன் கூடிக்கொண்டே போகும்போது ஆபரேஷன் இன்றும் தேவைப்படுகிறது. ஆனால் "கட்டியை எடுத்தால்தான் எல்லாம் சரியாகும்" என்ற நம்பிக்கை நம் ஊரிலேயே சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது.

கோஷா ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார அம்மா

ஊசியில் இரும்பு செலுத்திக் கணக்குப் பார்த்தார்களே, அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால், 1931ல், சேப்பாக்கத்தில் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வேலை செய்துகொண்டிருந்தார். இடம், அப்போதைய காஸ்ட் அண்ட் கோஷா ஆஸ்பத்திரி. இன்றைய கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி. பழைய ஆட்கள் இன்னும் கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள்.

1928ல் அவர் பம்பாய்க்கு வந்ததே கர்ப்பிணிகள் கடும் சோகையால் ஏன் சாகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான். துணிமில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள். அவர்களுடைய சிவப்பணுக்கள் அளவில் பெரிதாக இருந்தன. இரும்பு குறைந்தால் சிவப்பணு சிறுத்துவிடும். ஆகவே இது வேறு சரக்கின் பற்றாக்குறை என்று அவருக்குத் தோன்றியது. 1929ல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்குப் போய் அந்தப் பெண்கள் சாப்பிட்ட மாதிரியே எலிகளுக்குத் தீனி கொடுத்தார். எலிகளுக்கும் சோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்தால் வரவில்லை. இன்னொருவராக இருந்தால் அங்கேயே மாலை போட்டுக்கொண்டிருப்பார். ஆனால் அந்த எலிகளுக்குப் பேன் தொற்று இருந்தது. சோகை தீனியால் வந்ததா, பேனால் வந்ததா என்ற சந்தேகம் வந்துவிட்டது. அதனால் குரங்குகளை வைத்து மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அந்தப் பேன்தான். ஒரே எலியில் ரெண்டு விஷயம் இருக்கும்போது எதன் மேல் பழி போடுவது என்ற கேள்விக்கு அவர் குறுக்குவழியில் போகவில்லை. கடைசியில் மார்மைட் என்ற கறுப்புக் களிம்பு வேலை செய்தது. பீர் காய்ச்சிய பிறகு மிஞ்சும் ஈஸ்டில் செய்வது, விலையும் குறைவு. 1931ல் இதை வெளியிட்டார். அதில் இருந்த பொருள்தான் பிறகு ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1970லிருந்து நம் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்துவரும் சத்து மாத்திரையில் இரும்போடு இதுவும் சேர்ந்தே இருக்கிறது.

இந்தக் கதைக்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. இதேபோலச் சிவப்பணு பெரிதாகும் இன்னொரு சோகை உண்டு, வைட்டமின் பி12 குறைவால் வருவது. அதில் தண்டுவடமே பாதிக்கப்படும். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். 1887ல் லிக்ட்ஹைம் என்பவர் இதைக் கவனித்தார். 1900ல் லண்டனில் ரஸ்ஸல், பேட்டன், காலியர் மூவரும் விவரமாக எழுதினார்கள். பி12ஐப் பிரித்தெடுத்தது 1948ல். அதற்குக் கொஞ்சம் முன்னால் ஃபோலிக் அமிலம் புது மருந்தாக வந்தபோது, இந்த நோயாளிகளுக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் அழகாக ஏறியது. ஆனால் தண்டுவடம் மேலும் மேலும் கெட்டது. ரத்தக் கணக்கு சரியாகிவிட்டதால் உள்ளே நடந்தது மறைந்துபோனது. சோகையும் தண்டுவடமும் நேரடியாகக் கைகோக்கும் இடம் இதுதான். இதில் இரும்புக்கும் பங்கு இல்லை, கட்டிக்கும் பங்கு இல்லை.

யாரும் சந்தேகப்படாத ஆள்

இனி நம் தெருவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற வழி. டார்லோவ் தன் கட்டியைப் பற்றி எழுதிய அதே 1938ல், லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் டவுத்வெயிட், லின்டாட் என்ற ரெண்டு டாக்டர்கள் ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களின் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றின் உட்சுவர் சிவந்து புண்ணாகி இருந்தது. 1899லிருந்து உலகமே தலைவலிக்கும் முதுகுவலிக்கும் சாப்பிட்டுவந்த மாத்திரை அது. ஏன் அப்படி ஆகிறது என்பதற்கு விடை 1971ல் ஜான் வேன் மூலம் கிடைத்தது. வலியை உண்டாக்கும் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. வயிற்றின் சுவரைக் காப்பதும் அதே குடும்பத்துப் பொருள்தான். வலி குறைகிறது, கூடவே காவலும் போய்விடுகிறது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1982ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்று கடையில் கிடைக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் எல்லாம் இதே வழியில் வேலை செய்பவைதான்.

இப்போது நான் மனதில் வைக்கச் சொன்ன கணக்கை எடுங்கள். வயிற்றுப் புண்ணிலிருந்து ஒரு நாளைக்கு 5 மில்லி ரத்தம் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூன். மலத்தில் கலந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அதில் 2.5 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டில் வருவதோ 1 முதல் 2 மில்லிகிராம். தினமும் நஷ்டம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் கிடங்கு காலியாகாமல் என்ன செய்யும்? அதோடு பெண்களுக்கு மாதவிலக்கு இழப்பு வேறு. வயிற்றில் கொக்கிப்புழு இருந்தால் அது வேறு.

எங்கள் பக்கத்தில் முதுகுவலிக்கு முதல் வைத்தியர் மெடிக்கல் ஷாப் அண்ணன்தான். "ரெண்டு வலி மாத்திரை கொடுங்கண்ணே" என்று கேட்டு, வெறும் வயிற்றில் டீயோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்! ஒரு நாள் கூலி போய்விடுமே என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் சங்கிலியைப் பாருங்கள்: முதுகில் வலி, வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வயிற்றில் கசிவு, கசிவால் இரும்பு குறைவு. ஸ்கேனில் கட்டி தெரிகிறது. ரத்தத்தில் குறைவு தெரிகிறது. நடுவில் இருக்கிற மாத்திரை எந்த ரிப்போர்ட்டிலும் அச்சாவதில்லை. அதனால் பழி கட்டியின் மேல் விழுகிறது.

ஆக, என் விடை

முதுகின் நீர்க்கட்டி இரும்பைக் குறைக்காது. இரும்புக் குறைவு நீர்க்கட்டியை உண்டாக்காது. ரெண்டும் ஒருவரிடம் சேர்ந்திருப்பது பெரும்பாலும் தற்செயல். தற்செயல் இல்லை என்றால், நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவரைத் தேட வேண்டும். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் சில: இது எலும்புக்குள்ளா, வெளியேயா? நீர்தானா, சீழா? ஃபெரிட்டின் பார்த்தாச்சா? சிவப்பணு சிறிதா, பெரிதா? பி12 எப்படி? அதோடு நாம் அவரிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு: எத்தனை மாதமாக, என்னென்ன வலி மாத்திரை சாப்பிடுகிறோம் என்பது. காய்ச்சல், எடை குறைவு, கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு போவது, மலம் தார் மாதிரி கறுப்பாவது இதெல்லாம் இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. (இரும்பு மாத்திரையும் மலத்தைக் கொஞ்சம் கறுப்பாக்கும், அதையும் சொல்லிவிடுங்கள்.) "கட்டி குடிக்குது" என்ற காரணத்துக்காக மட்டும் யாரும் இரும்பு மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்க வடசென்னைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு எங்கள் பாட்டி தலைமுறை வைத்திருக்கும் பெயர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி. 1782ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஜனங்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்த மணியக்காரர் சத்திரத்தில், 1799ல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் ஆஸ்பத்திரியும் வைத்தார். அதுதான் வளர்ந்து இன்றைய ஸ்டான்லி. கவர்னர் பெயரை 1930களில் வைத்தார்கள். அதற்கு அப்புறமும் ஜனங்கள் விடாமல் சொல்வது கஞ்சியின் பெயரைத்தான்.

உங்கள் வீட்டில் யாராவது முதுகுவலிக்கு ரொம்ப நாளாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தால், இன்று ராத்திரி அந்த அட்டையை வாங்கிப் பெயரைக் குறித்து வையுங்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஸ்கேன் கவரோடு அந்தச் சீட்டும் போகட்டும்.